பலகையில் 40, சாலையில் 55: ‘சட்டமும் சமூகமும்’ துறையில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது

‘சட்டமும் சமூகமும்’ துறையில் பிஎச்.டி. செய்யப்போகிறேன் என்பவர்களிடம், எதைப் பற்றி என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று பதிலாக வரும். ஒன்று, ஏதாவது ஒரு சட்டத்தின் பெயர். இல்லையென்றால், ஒரு கோபம். ‘வாடகைச் சட்டம்’ என்பார் ஒருவர். ‘நீதிமன்றம் ஏழைகளை அலைக்கழிக்கிறது’ என்பார் இன்னொருவர். இரண்டிலிருந்தும் நல்ல ஆய்வு முளைக்கலாம். ஆனால் இந்த நிலையிலேயே விண்ணப்பித்தால் இரண்டும் திரும்பி வந்துவிடும்.

காரணம், இந்தத் துறை என்ன செய்கிறது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் இதை எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் படிப்பின் நீட்சி என்று நினைக்கிறார்கள். மற்றவர்களுக்கு இது சமூக சேவையின் கல்விப் பெயர். சட்டப் பட்டம் இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஒரு பேச்சு. மதிப்பெண் அதிகம் இருந்தால் இடம் உறுதி என்று இன்னொரு பேச்சு. நான்குமே தவறு. ஏன் தவறு என்று புரிந்துவிட்டால், விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பது பாதி தெளிந்துவிடும்.

எழுதிய விதி, நடக்கும் விதி

ஒரு சாலையில் வேக வரம்பு 40 என்று பலகை நிற்கிறது. வண்டிகள் 50, 55-இல் போகின்றன. போக்குவரத்துக் காவலர் கண்டுகொள்வதில்லை. 70-இல் போகிறவரை நிறுத்துகிறார். அதிலும் சிலரை எச்சரித்து அனுப்பிவிடுகிறார், சிலருக்கு அபராதம் போடுகிறார்.

இந்தச் சாலையில் சட்டம் என்ன? சட்ட மாணவர் 40 என்பார். தினமும் அந்த வழியில் போகிற ஓட்டுநர், 60 வரை பயமில்லை என்பார். மூன்றாவதாக ஒருவர் வேறு விதமாகக் கேட்கிறார்: எங்கும் எழுதப்படாத அந்த 60 எப்படி உருவானது? அது ஓட்டுநர்களுக்கு எப்படித் தெரிந்தது? யாருக்கு எச்சரிக்கை, யாருக்கு அபராதம் என்பதை எது தீர்மானிக்கிறது? இந்த மூன்றாமவரின் கேள்விகள்தான் சட்டமும் சமூகமும் துறையின் கேள்விகள்.

முதலாமவர் செய்வதைக் கோட்பாட்டுச் சட்ட ஆய்வு என்பார்கள். சட்டப் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் படித்து, சட்டம் என்ன சொல்கிறது, அது முன்னுக்குப்பின் முரணில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாமவர் செய்வது அனுபவவழி ஆய்வு. நேர்காணல், நேரடிக் கவனிப்பு, கோப்புகள், எண்ணிக்கை என்று உலகத்திலிருந்து சான்று திரட்டி, சட்டம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று எதுவுமில்லை. கேள்விகள் வேறு, அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினை பழையது. ‘ஏட்டுச் சட்டம்’, ‘நடைமுறைச் சட்டம்’ என்று இரண்டையும் பிரித்து அமெரிக்கச் சட்ட அறிஞர் ராஸ்கோ பவுண்ட் கட்டுரை எழுதியது 1910-இல். ஏறக்குறைய அதே காலத்தில், ஆஸ்திரியப் பேரரசின் கிழக்கு ஓரத்தில் இருந்த புகோவினாவில் சட்டப் பேராசிரியர் ஆய்கன் எர்லிக் ஒன்றைக் கவனித்தார். பேரரசின் சிவில் சட்டத் தொகுப்பு அங்கும் செல்லும். ஆனால் அதை யாரும் கண்டுகொள்ளாமல், பிள்ளைகளின் சம்பாத்தியம் தகப்பனுக்கே என்று விவசாயக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. மக்கள் உண்மையில் கடைப்பிடிக்கும் இப்படிப்பட்ட விதிகளை அவர் ‘வாழும் சட்டம்’ என்றார். 1963-இல் சட்டப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்காலே, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தொழில் நிறுவனத்தார்களிடம் பேசிவிட்டு எழுதிய கட்டுரை இன்னும் வியப்பானது. ஒப்பந்தச் சட்டத்தை அவர்கள் அதிகம் நம்பியிருக்கவில்லை. தகராறு வந்தால் தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டால் வியாபார உறவு கெடும் என்பதே அவர்கள் கணக்கு. அதற்கு அடுத்த ஆண்டு, 1964-இல், இப்படிப்பட்ட ஆய்வாளர்கள் கூடி அமெரிக்காவில் சட்டம்-சமூகம் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1966-இல் அதன் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது.

சுருக்கமாக: சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, சட்டம் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதே இங்கே பேசுபொருள். அதனால்தான் சமூகவியல், மானுடவியல், அரசியல், வரலாறு, உளவியல், பொருளியல் என்று எங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

பட்டப் பெயர்களின் காடு

இதை வேகமாகக் கடந்துவிடலாம். அமெரிக்காவில் ஜே.டி. என்பது வழக்கறிஞராவதற்கான தொழில் பட்டம். பெயரில் ‘டாக்டர்’ இருந்தாலும் அது ஆய்வுப் பட்டம் இல்லை. எஸ்.ஜே.டி., ஜே.எஸ்.டி. இரண்டும் சட்டப் பள்ளிகள் தரும் ஆய்வுப் பட்டங்கள். பொதுவாக, முன்பே சட்டம் படித்து எல்.எல்.எம். முடித்தவர்களுக்கானவை. சட்டமும் சமூகமும் பிஎச்.டி. இவற்றிலிருந்து வேறுபட்டது. சமூக அறிவியல் முறைகளில் பயிற்சி தருவது அதன் மையம்.

அது எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள பெர்க்லியில் ‘நீதியியலும் சமூகக் கொள்கையும்’ என்ற பெயரில் சட்டப் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. அதே கலிஃபோர்னியாவின் இர்வைனில் குற்றவியலோடு சேர்த்து, சட்டப் பள்ளிக்கு வெளியே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இதற்கென்று 1972 முதல் தனி ஆய்வு மையம் உண்டு. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டச் சமூகவியல் தனித் துறை. புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சட்டம், ஆளுகை ஆய்வு மையம். ‘சட்டமும் சமூகமும்’ என்ற சொற்களை மட்டும் போட்டுத் தேடினால் இவற்றில் பாதி கண்ணில் படாது. சாதாரணச் சமூகவியல், மானுடவியல் துறைகளில் சட்டத்தை ஆராயும் பேராசிரியர்கள் இருப்பதும் தெரியாமல் போகும். பட்டத்தின் பெயரைவிட, யார் அங்கே இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

சட்டப் பட்டம் வேண்டுமா? பல இடங்களில் கட்டாயமில்லை. இருந்தால் உதவும்: சட்டத்தைச் சட்டக்காரரைப் போலப் படிக்கத் தெரியும், நீதிமன்றத்துக்குள் ஆட்களைத் தெரியும். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதுதான் அடுத்த பகுதி. என் கணிப்பில் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமானதும் அதுவே.

விண்ணப்பம் எதைச் சோதிக்கிறது?

வழக்கறிஞருக்கு முடிவு முன்பே தெரியும். கட்சிக்காரர் ஜெயிக்க வேண்டும். அதற்கேற்ற ஆதாரத்தைத் தேடுவார். எதிரான ஆதாரத்தை எதிர்த் தரப்பு பார்த்துக்கொள்ளும். அது அவருடைய தொழில் தர்மம். ஆய்வாளருக்கு அந்த வசதி கிடையாது. எதிரான ஆதாரத்தையும் அவரேதான் தேடிப் போக வேண்டும். சேர்க்கைக் குழு, அதாவது விண்ணப்பங்களைப் படித்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர் குழு, உங்கள் தாள்களில் தேடுவது இதைத்தான்: இந்த நபர் எதிர்பார்க்காத பதில் வருவதற்கு இந்தக் கேள்வியில் வழி இருக்கிறதா?

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்ப்போம். விவாகரத்து, ஜீவனாம்ச வழக்குகளைப் பல நாடுகளில் நீதிபதி விசாரிப்பதற்கு முன் சமரசத்துக்கு அனுப்புகிறார்கள். இதை ஆராய விரும்பும் ஒருவர் எழுதுகிறார்:

‘குடும்ப வழக்குகளில் சமரசம் பெண்களுக்கு எதிரானது என்று நிறுவப்போகிறேன்.’

இது தீர்ப்பு. விசாரணைக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. திருத்தி எழுதச் சொன்னால் பலர் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்:

‘சமரசரின் கடமைகள் குறித்துச் சட்டம் என்ன சொல்கிறது?’

இது நேர்மையான கேள்வி. ஆனால் நூலகத்தில் உட்கார்ந்தே பதில் சொல்லிவிடலாம். கோட்பாட்டு ஆய்வுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. மூன்றாவது முயற்சி:

‘ஜீவனாம்சம் என் உரிமை என்று வருகிறவரின் பேச்சு, சமரச அறைக்குள் அனுசரித்துப் போவதைப் பற்றிய பேச்சாக மாறுகிறதா? மாறினால் எந்தக் கட்டத்தில், யாருடைய சொற்களால்? மாறாத வழக்குகளில் எது வேறுபடுகிறது?’

இதில் ‘மாறுகிறதா’ என்ற சொல்லையும் கடைசி வாக்கியத்தையும் கவனியுங்கள். மாறாமல் இருக்கவும் இடம் விட்டிருக்கிறது. சில சமரசர்கள் வழக்கறிஞரைவிட உறுதியாக உரிமைத் தொகையை வலியுறுத்துகிறார்கள் என்று கண்டுபிடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. கோபம் எங்கும் போய்விடவில்லை. கோபத்தால்தான் இந்தக் கேள்வியே எழுந்தது. ஆனால் பதிலை அது முன்கூட்டியே பிடித்துவைத்திருக்கவில்லை.

அடுத்து, பதிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி. இதற்குப் பெயர் முறையியல்: எந்தச் சான்று, எங்கிருந்து, ஏன் அது இந்தக் கேள்விக்குப் போதும் என்ற விளக்கம். நம் எடுத்துக்காட்டு இங்கே உடனே சுவரில் முட்டும். சமரச அறையில் பேசுவது ரகசியம். வெளியாளை உள்ளே உட்கார வைப்பது அரிது. ‘100 சமரச அமர்வுகளை நேரில் கவனிப்பேன்’ என்று எழுதிய விண்ணப்பத்தைப் படிப்பவர், இவர் ஒருமுறைகூட அந்தக் கதவுவரை போய்ப் பார்த்ததில்லை என்று முடிவு கட்டிவிடுவார். அதற்குப் பதில், சமரசர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் உட்காரலாம். என்ன பேச வேண்டும் என்று அங்கேதான் சொல்லித் தருகிறார்கள். வழக்கு முடிந்தவர்களிடம் பின்னால் பேசலாம். நீதிமன்றம் அனுமதித்தால் எட்டப்பட்ட உடன்பாடுகளின் வாசகத்தைப் படிக்கலாம். மூன்றும் சேர்ந்தால்கூட அறைக்குள் உட்கார்ந்ததற்கு ஈடாகாது என்பதையும் ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளலாம். அந்த ஒரு வாக்கியத்தால் உங்கள் மதிப்பு கூடும்.

வேதனையில் இருக்கும் மனிதர்களிடம் பேசப்போவதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். ஆய்வில் பங்குபெறுவோருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகக் குழு அது. விண்ணப்பக் கட்டத்தில் ஒப்புதல் தேவையில்லை. அப்படி ஒன்று தேவைப்படும் என்று தெரிந்திருந்தால் போதும்.

கடைசியாக, இந்த ஆய்வால் மற்றவர்களுக்கு என்ன? ‘இதுபற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. யாரும் ஆராயாதவை உலகில் கோடி இருக்கின்றன. பலவற்றை ஆராயாமல் விட்டதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. அதைவிட, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு விவாதத்தில் உங்கள் ஆய்வு எங்கே போய் உட்காரும் என்று காட்டுங்கள். அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கேலன்டர் 1974-இல் ஒரு வாதம் வைத்தார். நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வருபவர்கள், உதாரணமாகக் காப்பீட்டு நிறுவனங்கள், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வருபவர்களைவிடச் சாதகமான நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியும். ஒரு வழக்கில் தோற்றாலும் விதிகளைத் தமக்கு ஏற்ப வளைக்கக் காத்திருக்க முடியும் என்றார். இதைக் குடும்பச் சமரசத்தில் வைத்துப் பாருங்கள். கணவன், மனைவி இருவருமே பெரும்பாலும் ஒருமுறை வருபவர்கள். திரும்பத் திரும்ப வருபவர்கள் வழக்கறிஞர்களும் சமரசரும்தான். அப்படியானால் அந்தச் சாதகம் அங்கே யாருக்குப் போகிறது? இப்போது உங்கள் சின்ன அறையைப் பற்றிய ஆய்வு, அந்த அறையில் அக்கறையே இல்லாத ஒருவருக்கும் பயனுள்ளதாகிவிட்டது.

இதுவரை வந்தவை மூன்று: உங்கள் எதிர்பார்ப்பு தோற்கக்கூடிய கேள்வி, கைக்கு எட்டும் சான்று, சேர்ந்துகொள்ள ஒரு விவாதம். விண்ணப்பத்தில் வரும் எல்லாத் தாள்களும் இவற்றைத்தான் வெவ்வேறு கோணத்தில் காட்டுகின்றன.

தாள்கள்

நோக்க அறிக்கை என்பது நீங்கள் என்ன ஆராய விரும்புகிறீர்கள், அதற்கு எப்படித் தயாரானீர்கள், ஏன் இந்த இடம் என்று சொல்லும் கட்டுரை. ‘சிறுவயது முதலே நீதியின்மேல் எனக்குத் தாகம்’ என்று தொடங்காதீர்கள். தாகம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த விண்ணப்பக் குவியலில் இருக்கும் பாதிப் பேருக்கு அது இருக்கிறது. நேராகக் கேள்விக்கு வந்துவிடுங்கள். உங்கள் வாழ்க்கை அந்தக் கேள்வியை எங்கே கொடுத்தது என்பதை அப்புறம் சொல்லலாம்.

ஆய்வு முன்மொழிவு என்பது கேள்வி, முந்தைய ஆய்வுகள், முறையியல், கால அட்டவணை ஆகியவற்றை விரிவாகச் சொல்லும் தனித் தாள். எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கேட்டாலும் அதை ஒப்பந்தமாக நினைக்க வேண்டாம். சேர்ந்தபின் தலைப்பு மாறுவது சகஜம். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதற்கான மாதிரி அது.

எழுத்து மாதிரியில் வழக்கறிஞர்கள் இடறுவதுண்டு. தாம் வரைந்த மிகச் சிறந்த மனுவை இணைத்துவிடுவார்கள். மனு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரு தரப்புக்காக எழுதப்பட்டது. எதிர்ச் சான்றை நீங்கள் எப்படிக் கையாள்வீர்கள் என்று அதில் தெரியாது. முதுகலை ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம், ஒரு கருத்தரங்கக் கட்டுரை, எதுவாயினும் சரி, சான்றோடு மல்லுக்கட்டிய பக்கங்களாக இருக்கட்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய மனிதரைத் தேடிப் போகாதீர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ‘இவர் நல்லவர், உழைப்பாளி’ என்று நான்கு வரி எழுதுவதைவிட, உங்கள் நீண்ட கட்டுரை ஒன்றைத் திருத்திய விரிவுரையாளர் ‘மூன்றாவது வரைவில் தன் வாதத்தையே மாற்றிக்கொண்டார், அதற்குக் காரணம் இது’ என்று எழுதுவது பல மடங்கு மேல். கடைசி நேரத்தில் போய் நிற்காமல், உங்கள் நோக்க அறிக்கையின் வரைவோடு முன்னதாகவே கேளுங்கள்.

மதிப்பெண்? குறைவாக இருந்தால் தடையாகலாம், அதிகமாக இருந்தால் அது மட்டும் உள்ளே கொண்டுபோகாது. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

நெறியாளரும் பொருத்தமும்

நிராகரிப்பு வந்தால் ‘பொருத்தம் இல்லை’ என்பார்கள். பலருக்கு அது சாக்காகத் தோன்றுகிறது. உண்மையில் அது ஓர் எளிய கணக்கு: உங்கள் ஆய்வைப் பல ஆண்டுகள் படித்துத் திருத்தக்கூடியவர் அங்கே இருக்கிறாரா? அந்த ஆசிரியரைத்தான் நெறியாளர் என்கிறோம். அவர் உங்கள் தலைப்பிலேயே ஆராய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. குடும்பச் சமரசத்தை ஆராய்பவருக்குக் காவல் நிலையங்களில் பேச்சை ஆராய்ந்தவர் அருமையான நெறியாளராகலாம். அதிகாரத்தோடு நடக்கும் உரையாடலை எப்படிக் கவனிப்பது என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒருவரை நம்பி விண்ணப்பிக்காமல், குறைந்தது இருவராவது பொருந்தும் இடமாகப் பாருங்கள். ஆசிரியர்கள் வேறு இடம் போவார்கள், ஓய்வு பெறுவார்கள்.

முன்கூட்டியே அவருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டுமா என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் பொதுவாகச் சேர்க்கைக் குழுதான் முடிவெடுக்கும். முதலில் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, அப்புறம்தான் ஆய்வேடு. ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிடும். பிரிட்டனில் மூன்று, நான்கு ஆண்டுப் படிப்பு; முதல் நாளிலிருந்தே ஆய்வுதான் என்பதால் முன்மொழிவுக்கும் நெறியாளருக்கும் எடை அதிகம். ஸ்வீடன் போன்ற நாடுகளில் ஆய்வு மாணவர் இடத்தை வேலைவாய்ப்பாக விளம்பரப்படுத்துகிறார்கள், நீங்கள் சம்பளம் வாங்கும் ஊழியர். இந்தியாவில் தேர்வும் நேர்காணலும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் ஆறு. ஆகவே ஒரே விண்ணப்பத்தை நான்கு நாடுகளுக்கு நகலெடுத்து அனுப்புவதில் பயனில்லை.

மின்னஞ்சல் எழுதுவதென்றால் சின்னதாக எழுதுங்கள்: உங்கள் கேள்வி, அவருடைய எந்த ஆய்வோடு அது தொடுகிறது, புதிய மாணவர்களை எடுத்துக்கொள்கிறாரா. இவ்வளவே. பதில் வராவிட்டால் அதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம்

இடம் கிடைப்பதும் பணம் கிடைப்பதும் வேறு வேறு. முழு நிதியுதவி என்றால் கல்விக் கட்டண விலக்கு, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை, சில நாடுகளில் மருத்துவக் காப்பீடும் சேர்ந்தது. பதிலுக்கு வகுப்பெடுக்கவோ பேராசிரியரின் ஆய்வில் உதவவோ வேண்டியிருக்கும். அமெரிக்காவின் பல பிஎச்.டி. திட்டங்களில் இது சேர்க்கையோடு வரும். பிரிட்டனில் சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தும் பணமில்லாததால் சேர முடியாமல் போனவர்கள் உண்டு; உதவித்தொகைக்குத் தனிப் போட்டி, சில சமயம் அதன் கடைசித் தேதி முன்னதாகவே வந்துவிடும். என் கருத்து கறாரானது: கடன் வாங்கி இந்தப் பட்டத்தைச் செய்யாதீர்கள். முடித்தபின் ஆசிரியர் பணிகள் குறைவு, வட்டி அதற்காகக் காத்திருக்காது.

அனுப்பிய பிறகு

அமெரிக்க விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் கடைசித் தேதி. பிப்ரவரி, மார்ச்சில் முடிவு. நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லும்படி நெருக்கக்கூடாது என்று பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவசரப்படுத்தினால் அதைப் பணிவாக நினைவூட்டலாம்.

நேர்காணல் இருந்தால் ஒரு கேள்விக்குத் தயாராக இருங்கள்: ‘நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறாகக் களத்தில் தெரியவந்தால் என்ன செய்வீர்கள்?’ ‘அப்படி வராது’ என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

அழைப்பு வந்துவிட்டால் கேள்வி கேட்பது உங்கள் முறை. அந்தத் துறையில் இப்போது படிக்கும் மாணவர்கள் இருவரிடமாவது தனியாகப் பேசுங்கள். வரைவைக் கொடுத்தால் நெறியாளரிடமிருந்து எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது? களப்பணிக்குப் போகும் ஆண்டில் உதவித்தொகை தொடருமா, நிற்குமா? பாதியில் விட்டுப் போனவர்கள் எதனால் போனார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த மாணவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.